"ஒரு நல்ல படம் சொல்லேன்"னு கேட்டா என்ன சொல்றது? படம் சஜஸ்ட் பண்றதுக்கு ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழம ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஒம்போது மணி வாக்குல எங்க சித்தி பொண்ணு மெசேஜ் போடுவா, "அண்ணே ஒரு நல்ல படம் சொல்லேன்". அதுக்கு மேல ஒரு வார்த்த இருக்காது. முன்னெல்லாம் நானும் உடனே உக்காந்து இருவது பேரு டைப் பண்ணி அனுப்புவேன், தமிழ், மலையாளம், கொரியன்னு எல்லாம் கலந்து. மறுநாள் என்ன பாத்தேன்னு கேட்டா, "லிஸ்ட்ட பாத்துட்டே இருந்தோம்ணே, எத போடறதுன்னு புரியல, பாப்பா தூங்கிட்டா, நாங்களும் படுத்துட்டோம்"னு சொல்வா. நாலஞ்சு தடவ இப்படியே ஆச்சு. அவ கேட்டது அன்னிக்கு ராத்திரிக்கு ஒரே ஒரு படம், நான் குடுத்தது எனக்கு புடிச்சதோட மொத்த கணக்கு. அத வச்சு அவ என்ன பண்ணுவா?

அதுக்கப்புறம் நான் சொல்ற விதத்த மாத்திக்கிட்டேன், இப்ப எங்க வீட்டுல, ஆபீஸ்ல, பழைய காலேஜ் க்ரூப்ல எல்லாம் நான் சொன்ன படத்த நிஜமாவே போட்டு பாக்கறாங்க. எப்படின்னு படிப்படியா எழுதறேன், உதாரணத்துக்கு வர்ற படங்கள் எல்லாமே நான் பாத்து, இன்னொருத்தர்ட்ட சொல்லி, அவங்களும் பாத்த படங்க.

1. படம் அப்புறம், மொதல்ல ஆளு

யாராவது கேட்ட உடனே மனசுல ஒரு படம் வந்து நிக்கும், அத சொல்லணும்னு வாய் துடிக்கும். ஒரு நிமிஷம் பொறுத்துட்டு மூணே கேள்வி கேளுங்க.

கடைசியா எந்தப் படத்த முழுசா பாத்தீங்க? "உங்களுக்கு புடிச்ச படம் எது"ன்னு கேட்டுடாதீங்க, அதுக்கு எல்லாரும் பெருமையா சொல்லிக்கற மாதிரி ஒரு பேரு சொல்வாங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி பாத்ததா இருக்கும். கடைசியா உக்காந்து எழுந்திரிக்காம பாத்தது எதுன்னு கேட்டாதான் இப்ப அவங்க மனசு எங்க இருக்குன்னு தெரியும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாய தெறந்தா உலக சினிமாதான் பேசுவாரு, ஆனா கடைசியா முழுசா பாத்தது 'குடும்பஸ்தன்'னாரு. வேலை போனத வீட்டுல சொல்லாம, கடன் மேல கடன் வாங்கி சமாளிக்கற ஒரு கோயம்புத்தூர் பையனோட கத, 2025 ஜனவரில வந்துச்சு, மணிகண்டன் நடிச்சது. அவருக்கும் வீட்டு லோன் ஓடிட்டு இருந்த நேரம் அது. அவருக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது அந்த மாதிரி நம்ம வீட்டு கத, சிரிச்சுக்கிட்டே பாக்கற மாதிரி. அதனால 'பார்க்கிங்' சொன்னேன், 2023ல வந்தது, ஒரே வீட்டுல மேல கீழ குடியிருக்கற ரெண்டு பேரு கார் நிறுத்தற எடத்துக்கு போட்டுக்கற சண்ட எங்க போய் முடியுதுன்னு ஒரு படம். மறுநாள் காலையில லிஃப்ட்லயே புடிச்சுக்கிட்டாரு, எம்.எஸ்.பாஸ்கர் நடிப்ப பத்தி நாலு மாடி பேசிட்டே வந்தாரு. அந்த நடிப்புக்கு அப்புறம் தேசிய விருதும் கெடச்சுது.

ரெண்டாவது கேள்வி, யார் கூட உக்காந்து பாக்க போறீங்க? இத கேக்காம விட்டு நான் ஒரு தடவ பெரிய தப்பு பண்ணியிருக்கேன். 'மகாராஜா' வந்த புதுசு, 2024 ஜூன். கதைய முன்னும் பின்னுமா கலச்சு அடுக்கியிருந்த விதத்துல அப்படியே அசந்து போயிருந்தேன், சித்தப்பா ஃபோன்ல கேட்டதும் "கண்ண மூடிட்டு போங்க"ன்னுட்டேன். அவரு சித்தி, ஏழு வயசு பேத்தி எல்லாரயும் கூட்டிட்டு போயிட்டாரு. படம் நல்ல படம்தான், ஆனா அதுல வர்ற வன்முறை, அதுலயும் கடைசில தெரிய வர்ற விஷயம், ஒரு பொம்பளப் புள்ளய பக்கத்துல வச்சுக்கிட்டு பாக்கறது இல்ல. பாதிலயே புள்ளய தூக்கிட்டு வெளிய வந்துட்டாங்களாம். சித்தப்பா என்ன ஒரு வார்த்த திட்டல, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா"ன்னு மட்டும் சொன்னாரு. இன்னிக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

மூணாவது, எவ்ளோ நேரம் இருக்கு? இது சாதாரணமா தெரியும், ஆனா பாதில நிக்கற படம் நெறய நிக்கறது இதனாலதான். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டிபன் கட்டணும்னு இருக்கறவங்கள்ட்ட ராத்திரி பத்து மணிக்கு மூணு மணி நேர படம் சொன்னா எப்படி? அவங்களுக்கு 'சில்லுக்கருப்பட்டி' மாதிரி ஒன்னு சொல்லுங்க, ஹலீதா ஷமீம் எடுத்தது, 2019, நாலு தனித்தனி கத, ஒரு நாளைக்கு ஒரு கதன்னு பிரிச்சு பாத்தாலும் ஒன்னும் குறையாது.

2. உங்ககிட்ட சரக்கு இருக்கணும்

கேக்கறப்ப ஞாபகம் வரலன்னா எல்லாம் வீண். படம் பாத்த அன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டுலயோ ஃபோன்லயோ மூணு வரி எழுதி வைங்க. பாத்த படங்கள குறிச்சு வைக்கற லெட்டர்பாக்ஸ்டு மாதிரி ஆப் வச்சிருக்கறவங்க அதுலயே பண்ணலாம், ஆனா ஸ்டார் மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க, ஆறு மாசம் கழிச்சு அந்த மூணர ஸ்டார் உங்களுக்கே ஒன்னும் சொல்லாது.

என்ன எழுதணும்னா, மனசுல நின்ன ஒரு காட்சி, பாத்து முடிச்சப்ப எப்படி இருந்துச்சு, பாக்கறப்ப யாரு ஞாபகம் வந்தாங்க. இந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியம். என் நோட்டுல 'லப்பர் பந்து'ங்கற கிரிக்கெட் படத்துக்கு எழுதினத அப்படியே தரேன்: "கெத்து தினேஷ் பேட்டோட நடந்து வர்றப்ப விஜயகாந்த் பாட்டு. தியேட்டர்ல பெரியவங்க எந்திரிச்சு விசில் அடிச்சாங்க. வெளிய வந்தப்ப யார்கிட்டயாவது சண்ட போட்டிருந்தா ராசியாகணும்னு தோணுச்சு. மாமா ஞாபகம், அவரும் முட்டி வலியோட ஞாயித்துக்கெழம மேட்சுக்கு போவாரு, அத்தை கத்துவாங்க." 2024 செப்டம்பர்ல எழுதினது. ஒரு மாசம் கழிச்சு மாமா கேட்டப்ப யோசிக்கவே வேண்டி இருக்கல.

3. ஒன்னு சொல்லுங்க

இருவது வேணாம், அஞ்சும் வேணாம். ஒன்னு. அது ஏற்கனவே பாத்துட்டாங்கன்னா மாத்து ஒன்னு கையில வச்சுக்குங்க, அத அப்ப சொன்னா போதும்.

4. எப்படி சொல்றீங்கங்கறதுலதான் பாதி இருக்கு

"வேற லெவல்", "தரமான சம்பவம்", "மாஸ்டர்பீஸ்" இதெல்லாம் எல்லா படத்துக்கும் எல்லாரும் சொல்லி சொல்லி தேஞ்சு போன வார்த்தைங்க, கேக்கறவங்க காதுல ஒன்னும் ஏறாது. இன்னும் மோசமானது, "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்"னு சொல்றது. ட்விஸ்ட் இருக்குன்னு சொன்னதே பாதிய ஒடச்ச மாதிரிதான், அவங்க படம் பூரா கதைய பாக்காம எங்கடா அந்த ட்விஸ்ட்டுன்னு தேடிக்கிட்டே உக்காந்திருப்பாங்க.

நான் பண்றது இதான். படம் தொடங்கற நெலமய மட்டும் சொல்வேன், மொத இருவது நிமிஷத்துல என்ன நடக்குதோ அவ்ளோதான், அதுக்கு மேல போக மாட்டேன். அப்புறம் வேகம் எப்படின்னு சொல்வேன். அப்புறம் ஏன் இவங்கள்ட்ட இத சொல்றேன்னு ஒரு வரி.

'மெய்யழகன்' படத்த எங்க அம்மாட்ட எப்படி சொன்னேன்னு காட்றேன். "அம்மா, தஞ்சாவூர்ல சொத்து தகராறுல வீட்ட இழந்துட்டு 1996ல மெட்ராசுக்கு போன குடும்பம், அந்த பையன் இருவத்திரெண்டு வருஷம் கழிச்சு நீடாமங்கலத்துக்கு தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றான், வேண்டா வெறுப்பாத்தான் வர்றான், மண்டபத்துல ஒருத்தன் அத்தான் அத்தான்னு ஒட்டிக்கறான், இவனுக்கு அவன் பேரே ஞாபகம் இல்ல, கேக்கவும் கூச்சமா இருக்கு. மெதுவாத்தான் போகும், ராத்திரி பூரா ரெண்டு பேரும் பேசுவாங்க. நீ பூர்வீக வீட்ட பத்தி அடிக்கடி பேசுவல்ல, அதான் உன்ட்ட சொல்றேன்." இவ்ளோதான் சொன்னேன்.

அம்மா சாயங்காலம் விளக்கேத்திட்டு உக்காந்தாங்க. கல்யாண மேடைல அண்ணன் குடுத்த பரிச தங்கச்சி அங்கயே பிரிச்சு பாக்கற எடம் வந்துச்சு, அம்மா ரிமோட்ட கையில எடுத்து நிறுத்திட்டாங்க. ஒன்னும் பேசல. முந்தானையால கண்ண தொடச்சுக்கிட்டு அடுப்பங்கரைக்கு போயி தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி போட்டாங்க. அந்த எடத்துல அழுவாங்கன்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தா அந்த அழுகை அவங்களோடதா இருந்திருக்குமா? அதனாலதான் காட்சிய பத்தி சொல்லாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

இதே படத்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. 2024 செப்டம்பர் 27 ரிலீஸ் ஆன உடனே நீளமா இருக்குன்னு நெறய பேரு சொன்னாங்க, டீமே சுமார் 18 நிமிஷத்த வெட்டிட்டாங்க. எனக்கு அதுல வருத்தம்தான். ஆனா நீளம் சிலருக்கு பாரமா இருக்குங்கறது உண்மை, அத மறைக்காம "மெதுவா போகும்"னு முன்னாடியே சொல்லிட்டா பாக்கறவங்க அதுக்கு தயாரா உக்காருவாங்க. மெதுவா போகும்னு சொன்னா பாக்க மாட்டாங்களோன்னு பயந்து மறைக்காதீங்க.

5. எச்சரிக்கை சொல்றது கதைய சொல்றது ஆகாது

ரத்தம் இருக்கா, குழந்தைங்களுக்கு ஏதாவது நடக்குதா, சாவு இருக்கா, இத சொல்லணும். சமீபத்துல வீட்டுல யாராவது தவறிப்போயிருந்தா இத கண்டிப்பா சொல்லணும். "பொம்பளப் புள்ளைங்கள வச்சு மனச வருத்தற விஷயம் இருக்கு, பெரியவங்க மட்டும் பாருங்க"ன்னா போதும், யாருக்கு எப்படின்னு சொல்ல வேண்டியதில்ல. சென்சார் போர்டு இப்ப யு/ஏ சர்டிபிகேட்ட 7+, 13+, 16+னு மூணா பிரிச்சிருக்காங்க, 2024ல வந்த மாத்தம், அதுக்கப்புறம் வந்த படங்களுக்கு போஸ்டர்லயும் ஓடிடிலயும் பாத்து சொல்லலாம். ஆனா பழைய யு/ஏ படத்துக்கு அது ஒதவாது, நீங்க பாத்தவரு, உங்களுக்குத்தான் தெரியும்.

அதே மாதிரி படத்தோட கொணமே வேற மாதிரி இருந்தா அதயும் சொல்லணும். 'கொட்டுக்காளி' எடுத்துக்குங்க. பி.எஸ்.வினோத்ராஜ் படம், சூரியும் அன்னா பென்னும் நடிச்சது. இன்னொருத்தன விரும்பற பொண்ணுக்கு பேய் புடிச்சிருக்குன்னு சொல்லி குடும்பமே ஷேர் ஆட்டோலயும் பைக்லயும் ஏத்தி சாமியார்ட்ட கூட்டிட்டு போகுது, கூட ஒரு சேவலும் வருது. படத்துல பின்னணி இசையே கெடயாது. ஆட்டோ சத்தம், காத்து, பூச்சி சத்தம், சூரியோட கட்டிப்போன தொண்ட, அவ்ளோதான். இத சொல்லாம ஒருத்தர்ட்ட குடுத்தா டிவில சவுண்டு போச்சான்னு கேப்பாங்க. நான் சொல்றப்ப, "லைட்ட அணச்சுட்டு, ஃபோன வேற ரூம்ல வச்சுட்டு, ஹெட்ஃபோன் இருந்தா போட்டு பாருங்க, அந்த பொண்ணு வாய தெறக்குதா இல்லயான்னு மட்டும் கவனிங்க"ன்னு சொல்வேன். அப்படி பாத்த மூணு பேர்ல ரெண்டு பேரு மறுநாளே அவரோட மொத படம் 'கூழாங்கல்' எங்க இருக்குன்னு கேட்டாங்க, அது ஒன்னேகால் மணி நேரந்தான், ராட்டர்டாம் விழால டைகர் விருது வாங்கினது. 'கொட்டுக்காளி'யும் மாரி செல்வராஜோட 'வாழை'யும் ஒரே நாள்ல, 2024 ஆகஸ்ட் 23 அன்னிக்கு தியேட்டருக்கு வந்துச்சு. ஒரே வெள்ளிக்கெழம அப்படி ரெண்டு படம், தமிழ் படம் பாக்கற யாருக்கும் பெருமையான நாள் அது. எதயும் இதுவரைக்கும் பாக்காதவங்களுக்கு நான் மொதல்ல 'வாழை' சொல்வேன், வாழத்தார் சுமக்கற பையன் கூட சேந்து நமக்கும் கழுத்து வலிக்கும், அது நம்மள தானா உள்ள இழுத்துரும், 'கொட்டுக்காளி'க்கு நாமதான் எறங்கிப் போகணும்.

6. வயசு தாண்டி சொல்றப்ப

சின்னப் புள்ளைங்கள்ட்ட பழைய கருப்பு வெள்ளப் படத்த நேரா நீட்டினா ஓடிடுவாங்க. சிரிப்புல தொடங்குங்க. 'காதலிக்க நேரமில்லை', ஸ்ரீதர் படம், 1964, அதுவும் கலர் படம். அதுல சினிமா எடுக்க ஆசப்படற நாகேஷ் அப்பா பாலையாவுக்கு பேய்க்கத சொல்ற காட்சிய மட்டும் மொதல்ல போட்டு காட்டுங்க. நாகேஷ் கதவு சத்தத்த வாயாலயே போடறதும் பாலையா மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மாறறதும், என் அக்கா பையன் பதிமூணு வயசு, மூணு தடவ திருப்பி போட சொன்னான். அப்புறம் முழுப் படத்தயும் அவனே கேட்டு பாத்தான்.

கொஞ்சம் பழகினதுக்கப்புறம் 'உதிரிப்பூக்கள்', மகேந்திரன், 1979, புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'ய கருவா வச்சு எடுத்தது. இத கல்லூரி வயசுக்கு முன்னாடி சொல்லாதீங்க. அதிகமா பேச்சே இருக்காது, இளையராஜாவும் அசோக்குமாரோட கேமராவும்தான் பேசும். அத பாத்துட்டு ராத்திரி ஒன்னர மணிக்கு ஃபோன் பண்ணி அழுத தம்பி ஒருத்தன் இருக்கான், நான் சொன்ன படங்கள்லயே எனக்கு ரொம்ப நிறைவான ஃபோன் அதுதான்.

பெரியவங்கள்ட்ட புதுப் படம் சொல்றப்ப, அவங்களுக்கு தெரிஞ்ச ஒன்னோட முடிச்சு போடுங்க. எங்க பெரியப்பாவுக்கு மலையாளம் சுத்தமா தெரியாது. "1991ல வந்த குணா படத்துல அந்த குகைல கண்மணி பாட்டு வரும்ல, அதே குகைல 2006ல விழுந்த ஒரு பையன காப்பாத்தின கத"ன்னு சொன்னேன், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பாக்க உடனே கெளம்பிட்டாரு. அந்த பாட்டு வர்ற எடத்துல அவருக்கு என்ன ஆச்சுன்னு நான் இங்க சொல்லல, நீங்க பாக்காம இருந்தா பாத்துக்குங்க.

ஈழத்தமிழ் பேச்சு கேட்டு பழகாதவங்களுக்கு 'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே 1 வந்தது, சசிகுமாரும் சிம்ரனும். நெருக்கடி தாங்காம கடல் தாண்டி வந்து சென்னைல ஒரு காலனில ஒளிஞ்சு வாழற குடும்பம். ஆறு வயசுலருந்து அறுவது வயசு வரைக்கும் ஒரே சோஃபால உக்காந்து பாக்கலாம், அந்த மாதிரி வருஷத்துக்கு ஒன்னு ரெண்டுதான் வருது, அதனால இத நான் பத்திரமா வச்சிருந்து, குடும்பத்தோட பாக்கணும்னு கேக்கறவங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்.

7. எங்க இருக்குன்னு தேடி குடுங்க

பேர மட்டும் சொல்லிட்டு விட்டா பாதி பேரு தேட மாட்டாங்க. எந்த ஆப்ல இருக்குன்னு அன்னிக்கே ஒரு தடவ தொறந்து பாத்துட்டு சொல்லுங்க, போன வருஷம் இருந்த எடத்துல இந்த வருஷம் இருக்காது, மாறிட்டே இருக்கும். அவங்கள்ட்ட எந்த சந்தா இருக்குன்னும் கேளுங்க. டெலிகிராம் லிங்க் அனுப்பாதீங்க, நல்ல படம்னு நாமளே சொல்லிட்டு அத எடுத்தவங்களுக்கு காசு போகாத வழியயும் நாமளே காட்டக்கூடாது. வேத்து மொழிப் படம்னா டப்பிங்கா சப்டைட்டிலான்னு ஆள பாத்து சொல்லுங்க. நான் எப்பவும் அசல் மொழிலதான் பாப்பேன், ஆனா கண்ணாடி போட்டும் வேகமா படிக்க முடியாத அத்தைக்கு டப்பிங் சொல்றதுதான் சரி.

தியேட்டர்ல ஓடிட்டு இருந்தா தியேட்டர சொல்லுங்க, அதுவும் மொத வாரத்துலயே. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தப்ப தியேட்டர்ல ஓடல, இன்னிக்கு டிவில போட்டா தெருவே பாக்குது. அன்னிக்கு பாத்தவங்க பக்கத்து வீட்டுக்காரங்கள்ட்ட நாலு வார்த்த சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வாரம் நின்னிருக்குமோன்னு எனக்கு ஒரு ஆத்தாமை உண்டு.

8. சொன்னதுக்கு அப்புறம்

"பாத்தாச்சா, பாத்தாச்சா"ன்னு தெனமும் கேக்காதீங்க, அது வட்டிக்காரர் வந்து நிக்கற மாதிரி ஆயிடும். ஒரு வாரம் விடுங்க. புடிக்கலன்னு சொன்னா வாதாடாதீங்க, எந்த எடத்துல நிறுத்தினீங்கன்னு மட்டும் கேளுங்க. அடுத்த தடவ என்ன சொல்லணும்ங்கறது அந்த பதில்ல இருக்கும். 'மெய்யழகன்' எங்க அண்ணனுக்கு புடிக்கல, மொத முக்கா மணி நேரத்துல நிறுத்திட்டான். "பேசிட்டே இருக்காங்கடா"ன்னான். அவனுக்கு 'கைதி' சொன்னேன், ஒரே ராத்திரி, ஒரே லாரி, மூச்சு விடாம பாத்தான்.

அப்புறம், திருப்பி கேளுங்க. இத யாருமே பண்றதில்ல. நான் திருவல்லிக்கேணி அத்தைக்கு ரெண்டு வருஷமா படம் சொல்லிட்டு இருக்கேன், போன மாசம்தான் "அத்தை, நீங்க எனக்கு ஒன்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபோன்ல சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "எதிர்நீச்சல் பாத்திருக்கியாடா? சிவகார்த்திகேயன் இல்ல, பழசு, பாலச்சந்தரு, அறுவத்தெட்டுல வந்தது. நாகேஷ் மாடிப்படிக்கு அடில படுத்துக்கிட்டு, அந்த வீட்டுல இருக்கற அத்தன குடித்தனத்துக்கும் எடுபிடி வேல பாத்துக்கிட்டே படிப்பான். நாங்களும் அப்படி ஒண்டுக்குடித்தனத்துலதான் இருந்தோம், ஒரே கொழா, ஏழு கொடம். உங்க தாத்தா அந்தப் படத்துக்கு எங்க எல்லாரயும் கூட்டிட்டு போனாரு. கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும், பொறுமையா பாரு. பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணு."

கத சொல்லல, வேகம் எப்படின்னு சொன்னாங்க, ஏன் என்ட்ட சொல்றாங்கன்னும் சொன்னாங்க. இந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் போடலாம்னு இருக்கேன், சித்தி பொண்ணும் வரேன்னிருக்கா.